ஆறு மீன்களுக்கு ஒரு பிள்ளை

அத்தியாயம் 17

நாச்சியாருக்கு ஒரே ஒரு நல்ல குணமாவது கிடையாதா என்று கேட்டு உங்களில் பலர் எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரம் ஒன்று காட்டுகிறேன். படித்து முடித்த பிறகு ஏன் கேட்டோம் என்று வருத்தப்படக் கூடாது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாக்கோட்டையில் வீரையாவின் பாத்திர வாடகைக் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. காரைக்குடி வட்டாரத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அண்டாவும் குண்டாவும் அங்கிருந்துதான் போகும். அவர் மனைவி நாச்சியார். மகன் ஈஸ்வரன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். மகள் கீர்த்தி கல்யாணமான மறு வருஷமே உண்டாகி, இப்போது ஏழு மாதம்.

ஈஸ்வரனின் மனைவி சத்தியப்பிரியாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். மதுரையில் ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று. இரண்டு முறை வயிற்றில் தங்கியது, இரண்டு முறையும் போய்விட்டது. கடைசியில் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பதிவு செய்தார்கள். வீட்டைப் பார்க்கவும் வீட்டு மனிதர்களோடு பேசவும் வீரலட்சுமி என்கிற சமூகப் பணியாளர் வரும் திங்கட்கிழமை வருகிறார். வீட்டுப் பெரியவர் முகத்தைச் சுளித்தால் போதும், காரியம் அங்கேயே நின்றுவிடும்.

அந்தப் பெரியவர் மூன்று மாதத்துக்கு முன்பு கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது சொன்ன வார்த்தை இது.

"மொதல்ல ஒரு கண்ணாடித் தொட்டியில நாலு மீனை வச்சுக் காப்பாத்து தாயி. கீர்த்தி வளைகாப்பு வரைக்கும் எல்லாம் உசுரோட நின்னுச்சுன்னா, வர்ற அம்மாகிட்ட நானே சரின்னு சொல்றேன். ஒண்ணு செத்தாலும் அந்தப் பேச்சை இந்த வீட்டுல எடுக்கப்படாது."

விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைக்காதீர்கள். வீரையா பேரப்பிள்ளை விஷயத்தில் விளையாடுகிறவர் இல்லை.

இன்று வளைகாப்பு.

தொட்டியில் ஆறு டிஸ்கஸ் மீன்கள். பார்த்திருக்கிறீர்களா? அப்பளம் மாதிரி வட்டம், தட்டை. உடம்பெல்லாம் நீலமும் ஆரஞ்சும் கோடு கோடாக ஓடும். அழகுக்குக் குறைவில்லை, கோபத்துக்கும் குறைவில்லை. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை போல எதற்கெடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீரில் சூடு குறைந்தால் கறுத்துப்போகும், உப்பு கூடினால் சாப்பிடாது, அழுக்குச் சேர்ந்தால் மூலையில் போய் நின்றுகொள்ளும். புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் இதை எடுக்க வேண்டாம் என்று மதுரை மீன்தொட்டிக் கடைக்காரரே சொன்னார்.

சத்தியப்பிரியா தங்கமீன் போதும் என்றுதான் நின்றாள். ஈஸ்வரன்தான் கேட்கவில்லை.

"தங்கமீனை யாரு வேணும்னாலும் வளப்பாக. எங்கப்பா மெச்சணும்னா இதை வளத்துக் காட்டணும்" என்றான்.

பிறகு அவளும் அந்த மீனைப் பற்றிப் படித்தாள். குஞ்சு பொரித்ததும் தாயும் தகப்பனும் தங்கள் தோலில் சுரப்பதையே அவற்றுக்கு ஊட்டும் என்று தெரிந்த அன்றைக்கே அவள் மனசு அதன்மேல் விழுந்துவிட்டது.

மீனை வாங்கும் முன்பு ஒரு மாதத்துக்கு மேல் வெறும் தொட்டியை ஓடவிட்டாள். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்கிற கிருமிகள் ஃபில்டர் பஞ்சில் குடியேற அவ்வளவு காலம் ஆகும். அதற்கு முன் மீனை விட்டால் அதன் கழிவே அதைக் கொன்றுவிடும். இதையெல்லாம் போனில் தேடித் தேடிப் படித்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஈஸ்வரன்.

நாச்சியாருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது?

"வெறுந் தொட்டிக்கு ஹீட்டரு, வெறுந் தொட்டிக்குக் காத்து. வெறுமையாக் கெடக்கறதைப் பாத்துக்கிட்டுக் காத்திருக்க ஒனக்குச் சொல்லியா குடுக்கணும்?" என்றாள் ஒருநாள். பக்கத்தில் கீர்த்தியும் இருந்தாள். அவள் சிரித்தாள், பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டாள்.

சத்தியப்பிரியா ஹீட்டரின் சூட்டைப் பார்த்துவிட்டு எழுந்தாள். அவளுக்கு வேண்டியது திங்கட்கிழமை ஒரு ‘சரி’. அதற்காக எதையும் விழுங்கத் தயாராக இருந்தாள்.

இன்று காலையில் அவள் தொட்டிக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து விரலைக் கண்ணாடியில் வைத்தாள். ஆறும் விரலுக்கு வந்தன. நிறம் பளிச்சென்று இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் ஒரே ஒரு பகல்தான்.

"இன்னும் என்ன கொஞ்சல் அங்க?" பின்னால் நாச்சியாரின் குரல். "காரைக்குடிக்குப் போயி வளையலையும் பூவையும் எடுத்துட்டு வா. கடையில சொல்லி வச்சிருக்கு."

"தண்ணி மாத்துற நாளு அத்தை. மாத்திட்டு ஒரே ஓட்டமாப் போயிட்டு வந்துர்றேன்."

"சம்பந்தி வீட்டு ஆளுக வந்து வாசல்ல நிக்கையில வளையல் இல்லாம நான் கையைப் பெசையவா? கெளம்பு. அப்புறம் ஒண்ணு. வளையலை எடுத்துட்டு வர்றதோட சரி. பிள்ளைத்தாச்சி கையில நீ போட வேணாம். சபையில நான் சொல்லி நீ கேக்குற மாதிரி வச்சுக்கப்படாது."

"சரி அத்தை."

"மனசுல வச்சுக்காத. ஊரு ஒலகத்துல உள்ளதுதான்."

சத்தியப்பிரியா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். வளையல் கடையில் பச்சையும் சிவப்பும் எண்ணி அட்டைப் பெட்டியில் அடுக்கினார்கள். யாருக்கு என்று கடைக்காரப் பெண் கேட்டாள். நாத்தனாருக்கு என்றாள். உங்களுக்கும் ஒரு ஜோடி பாருங்கக்கா என்று அந்தப் பெண் கையைப் பிடித்ததும் வேண்டாம் என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு ஓடினாள்.

தொட்டி கழுத்து வரை நிறைந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்திருந்தார்கள். அடியில் ஒரு தூசு இல்லை. பக்கத்தில் நாச்சியார் சேலையை இடுப்பில் செருகி, முழங்கை வரை ஈரமாக நின்றிருந்தாள்.

"என்ன பாக்குற? நானும் ஈஸ்வரனும் மாத்திட்டோம். பாதித் தண்ணியை எடுத்துட்டு நீ வச்சிருந்த தண்ணியைத்தான் ஊத்துனோம். ஒரு சொட்டு வேற தண்ணி கலக்கலை."

சத்தியப்பிரியா தொட்டியையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவள் வேலையில் ஒரு துரும்பை இந்த அத்தை எடுத்துப் போட்டதில்லை.

"நீங்க எதுக்கு அத்தை..."

"ஏன், செய்யக் கூடாதா? எம்மக வயித்துல ஒரு பிள்ளை. ஒனக்கும் ஒண்ணு வந்துட்டுப் போகட்டுமே. நான் ஏசுறதெல்லாம் வாயோட. போயி மொகத்தைக் கழுவு, பட்டுச்சேலையைக் கட்டு. நல்ல நாளும் அதுவுமாக் கண்ணைக் கசக்காத."

இதுதான் நான் காட்டுவதாகச் சொன்ன நல்ல குணம். மனமாரச் செய்தாள். ஒரு துளி வஞ்சகம் கிடையாது.

முற்றத்தில் சபை கூடியது. கீர்த்தியை மணையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வளையல் போட ஆரம்பித்தார்கள். பின்கட்டுப் பந்தலில் புளிசாதமும் சர்க்கரைப் பொங்கலும் மணத்தன. சத்தியப்பிரியா தூண் ஓரத்தில் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, நீங்களும் வந்து போடுங்க" என்றாள் கீர்த்தி.

"பெத்தவுக போடட்டும்த்தா. அவ தட்டைப் பிடிச்சிருக்கா" என்றாள் நாச்சியார். சபையில் எல்லோரும் சேர்ந்து வேறு எதையோ பேசினார்கள்.

அதே நேரம் கூடத்தில் வீரையா சம்பந்திக்குத் தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எம் மருமக வளத்தது. ரொம்பக் கஷ்டமான மீனாம். ஒண்ணுகூடச் சாகலை பாத்துக்கங்க. திங்கக்கிழமை ஒரு அம்மா வருது. இந்த வீட்டுக்கு இன்னொரு பேரப்பிள்ளை வர்ற விஷயமா."

தூண் ஓரத்தில் நின்றவளுக்கு இது கேட்டது. அவர் சரி என்று சொல்லப்போகிறார். இனிமேல் யார் என்ன சொன்னால் என்ன? சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மீனுக்கு ஏதோ சொகமில்லாத மாதிரி இருக்கே?" என்றார் சம்பந்தி.

தாம்பாளத்தை யார் கையிலோ கொடுத்துவிட்டு அவள் கூடத்துக்குப் போனாள்.

ஆறும் கறுத்திருந்தன. நீலமும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடின. பெரியது ஒன்று ஹீட்டரின் மேல் சாய்ந்து கிடந்தது. அவள் விரலைக் கண்ணாடியில் வைத்தாள். ஒன்றும் வரவில்லை.

சூட்டைப் பார்த்தாள், சரியாக இருந்தது. காற்றுக் குமிழும் சரியாக வந்தது. அப்படியென்றால் தண்ணீர். டிரம்மில் மீதித் தண்ணீர் இருந்தால் மறுபடி மாற்றிப் பார்க்கலாம் என்று பின்கட்டுக்கு ஓடினாள்.

அந்த ஊர் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். அதனால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து, நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு நாள் வைத்துத்தான் தொட்டிக்கு ஊற்றுவாள். அந்த டிரம் பந்திப் பந்தலில் இருந்தது. அதில் காலைப் பலகாரத்தின் எச்சில் தட்டுகள் ஊறிக்கொண்டிருந்தன.

"டிரம்மை யாரு எடுத்தா?"

பாத்திரம் கழுவ வந்த ஒச்சம்மாள் நிமிர்ந்தாள். "நேத்தே ஒங்க வீட்டுக்காரருதான் குடுத்தாரு தாயி. அதுல கெடந்த தண்ணியை அண்டாவுக்கு மாத்திட்டுக் குடுத்தாரு."

"எந்த அண்டா?"

ஒச்சம்மாள் கையைக் காட்டினாள். பந்தலின் மூலையில், கவிழ்த்து வைத்த நிலையில், செக்கச் செவேலென்று மின்னிக்கொண்டிருந்தது அந்தச் செம்பு அண்டா.

அது சாதாரண அண்டா இல்லை. நெற்குப்பை என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டைப் பிரித்தபோது வீரையா ஏலத்தில் எடுத்தது. வாடகைக்கு விடமாட்டார். வீட்டு விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும். ஈயம் பூசாத செம்பில் புளிப்பு வைத்தால் களிம்பு ஏறும் என்று பாத்திரம் தூக்குகிற பையன் வரைக்கும் அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் வைப்பதென்றால் செம்பைப்போல உசத்தி வேறு இல்லை என்பதும் அவர்கள் நம்பிக்கை. மனிதருக்கு நல்லது மீனுக்கும் நல்லதுதானே என்று நாச்சியார் நினைத்தால் அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

டிஸ்கஸுக்கு ஊற்றுவது லேசான புளிப்புத் தன்மையுள்ள மென்மையான தண்ணீர். புளி போட்டுத் தேய்த்த செம்பில் அது ஒரு ராத்திரி நின்றால் செம்பு அதில் இறங்கிவிடும். மனிதர்கள் குடித்தால் தெரியாது. மீனின் செவுள் தாங்காது. தொட்டி வாங்கி வந்த நாளில், ‘செம்பு மட்டும் கிட்ட வரக் கூடாது’ என்று அவளிடம் சொன்னதும் ஈஸ்வரன்தான்.

அவள் சபைக்குள் போய் நாச்சியாரின் காதருகே குனிந்தாள்.

"அத்தை, தண்ணியை அண்டாவுல வைக்கச் சொன்னது யாரு?"

"ஈஸ்வரன்தான். டிரம்மு பந்திக்கு வேணும், மீன் தண்ணியை நெற்குப்பை அண்டாவுல ஊத்தி வைங்கம்மா, செம்புத் தண்ணி அதுகளுக்கு நல்லதுன்னான். நானே புளி போட்டுத் தேச்சேன், தோள்பட்டை கழண்டுபோச்சு. ஏன்?"

"சாகுது அத்தை."

நாச்சியாரின் கை சந்தனக் கிண்ணத்தில் அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சத்தம் போடாத. பிள்ளைத்தாச்சி மணையில இருக்கா. ஆரத்தி முடியட்டும்."

"கேன் தண்ணியைச் சுட வச்சு ஊத்துனா ஒண்ணு ரெண்டாவது பொழைக்கும். விடுங்க அத்தை."

"மணையில பிள்ளை இருக்கையில சாவுப் பேச்சா பேசுற? நில்லுங்கிறேன்."

அவள் கையை உதறிக்கொண்டு போனாள். குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை அடுப்பில் சுடவைத்து, தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக வெளியே இறைத்து, பட்டுச்சேலை நனைய நனைய ஊற்றினாள். முற்றத்தில் பெண்கள் குலவை போட்டார்கள். ஆரத்தித் தட்டு சுற்றி முடிவதற்குள் நான்கு மிதந்தன. மற்ற இரண்டும் அடியில் ஒருக்களித்துப் படுத்துக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கின. அவள் கையை உள்ளே விட்டுப் பெரியதை நிமிர்த்திப் பிடித்தாள். விட்டதும் சாய்ந்தது. மறுபடியும் நிமிர்த்தினாள். அழுகையை அடக்க அவள் முயற்சிகூடச் செய்யவில்லை.

பாத்திரக் கிடங்கில் ஈஸ்வரன் பந்திக்கு வாளி எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, செம்புன்னு தெரிஞ்சுதான் அத்தைகிட்டச் சொன்னீகளா?"

அவன் திரும்பினான். தெரியாது, மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்புவதற்காகத்தான் வந்திருந்தாள்.

"கதவைச் சாத்து" என்றான்.

அவள் சாத்தவில்லை. "தெரிஞ்சுதான் சொன்னீகளா?"

"மீனுதானே சத்தியா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஆமா."

வெளியே யாரோ இலை போடச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று அவன் சாதாரணமாகக் குரல் கொடுத்தான்.

"எனக்கு அந்தப் பிள்ளை வேணாம். யாரு பெத்ததோ, எங்க பெத்ததோ. நாளைக்கே கடைக்கு வர்றவன் இது யாரு ஜாடைன்னு கேப்பான். நான் என்னத்தைச் சொல்ல?"

"பதிவு பண்ணையில சரின்னீகளே. போட்டோவுக்குத் தோள்ல கையப் போட்டுச் சிரிச்சீகளே. அந்தம்மா வந்தா என்ன கேக்கும், என்ன சொல்லணும்னு நேத்து வரைக்கும் எனக்குப் பாடம் நடத்துனீகளே."

"ஒங்கிட்ட நேரா வேணாம்னு சொல்ல மனசு வரலை. நீ அழுவ. அப்பா வாயால வந்துருச்சுன்னா யாரு மேலயும் வருத்தமில்லாமப் போயிரும்னு பாத்தேன்."

"அத்தையை எதுக்கு இதுல இழுத்தீக?"

"அம்மா மேலதான் ஒனக்கு ஏற்கெனவே கோவம் இருக்கே. இதையும் அதோட சேத்துக்குவேன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் சொன்னான்.

"அப்ப இந்த மீனே வேணும்னு மதுரையில நின்னது?"

"ரெண்டே வாரத்துல போயிரும்னு நெனச்சேன்." அவன் கொஞ்சம் சிரித்தான். "நீ விடலையே. உண்மையிலேயே நல்லா வளத்த சத்தியா."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் தன் பக்கம் ஒருவன் இருக்கிறான் என்று நினைத்துத்தான் நாச்சியாரின் வாயைப் பொறுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒருவன் இவன்.

"மாமாகிட்டப் போயிச் சொல்றேன்."

"சொல்லு. சொல்லிட்டு எங்க போவ? வலையபட்டிக்கா? ஒங்கண்ணன் வீட்டுல ஒனக்குப் பாய் விரிக்க எடம் இருக்கா?"

அவள் போனாள். வீரையா கூடத்தில் தொட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சம்பந்தியும் அவர் தம்பியும் பக்கத்தில் இருந்தார்கள். ஆறு மீனும் மிதந்தன.

"மாமா, இது நான் செஞ்சது இல்லை. தண்ணியை நான் மாத்தலை. நான் காரைக்குடிக்குப் போயிருக்கையில அத்தையும் அவுகளும் செம்பு அண்டாவுல கெடந்த தண்ணியை ஊத்தியிருக்காக. அவுகளுக்கு அது தெரியும். தெரிஞ்சே செஞ்சிருக்காக."

"யாரு? ஈஸ்வரனா?"

"ஆமா மாமா."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீ தண்ணி மாத்துனியா?"

நாச்சியார் வாசற்படியில் வந்து நின்ற மகனைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் முதன்முதலாகத் தான் செய்த நல்ல காரியத்தை மகன் என்னவாக்கியிருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. அந்த ஒரு கணம் அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைச் சத்தியப்பிரியா பார்த்தாள். பிழைத்தோம் என்று நினைத்தாள்.

"நான் எதுக்கு அந்தத் தொட்டியைத் தொடப்போறேன்?" என்றாள் நாச்சியார். "அந்த வாடையே எனக்கு ஆகாது. அவளே காலையில மாத்திட்டுத்தான் போனா. செத்ததும் எம்புள்ள தலையில கட்டுறா."

"அத்தை!"

"என்ன அத்தை? ரெண்டு தடவை வயித்துல வந்ததை விட்டவ. இது எம்மாத்திரம்?"

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். கீர்த்தி மணையிலிருந்து எழுந்து வந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். காலையில் அம்மா ஈரக்கையோடு தொட்டியருகே நின்றதை அவளும் பார்த்தவள்தான். வாயைத் திறந்தாள். அம்மா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றார் வீரையா. "அந்தப் பேச்சு இன்னையோட முடிஞ்சுது. ஈஸ்வரா, அந்தம்மாவுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லிரு. இலை காயுது, எல்லாரும் சாப்பிட வாங்க."

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஆமாம், போனார்கள். சர்க்கரைப் பொங்கலில் நெய் போதாது என்று யாரோ சொன்னதுகூடக் கூடத்துக்குக் கேட்டது.

சத்தியப்பிரியா ஒரு தட்டில் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஈஸ்வரன் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் கொண்டு போயிப் பொதைக்கிறேன். நீ வந்து ரெண்டு வாய் சாப்பிடு."

"தொடாதீக."

அப்போது அவள் போன் அடித்தது. வீரலட்சுமி. ஈஸ்வரன் கையை நீட்டினான்.

"குடு, நான் பேசிக்கிறேன்."

அவள் ஈரக்கையாலேயே போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"சத்தியப்பிரியா, திங்கட்கிழமை காலைல வரேம்மா. வீட்ல பெரியவங்க எல்லாரும் இருப்பாங்கதானே?"

"மேடம், ஒண்ணு கேக்கணும். ஒரு பொம்பளை தனியாப் பிள்ளை எடுத்து வளக்கச் சட்டத்துல எடம் இருக்கா?"

"இருக்கேம்மா. நிறையப் பேர் எடுத்திருக்காங்க. யாருக்குக் கேக்கறீங்க?"

"எனக்குத்தான்."

ஈஸ்வரனின் நீட்டிய கை அப்படியே இருந்தது.

"உங்களுக்குக் கணவர் இருக்காரே. அவர் இருக்கும்போது ரெண்டு பேரும் சேர்ந்துதான் எடுக்க முடியும்."

"கோர்ட்டுல அத்துக்கிட்டு வந்தா?"

"சத்தியா!" என்றான் ஈஸ்வரன். ஒன்பது வருஷத்தில் அவன் குரல் அவளிடம் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. பந்தலில் வீரையாவின் பேச்சு நின்றது. நாச்சியார் இலையை விட்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

போனில் வீரலட்சுமிக்கும் அந்தக் குரல் கேட்டிருக்க வேண்டும். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"அதெல்லாம் பெரிய விஷயம்மா. நாளாகும். முதல்ல நான் உங்களைப் பார்க்கணும். திங்கட்கிழமை நான் எந்த வீட்டுக்கு வரட்டும்?"

சத்தியப்பிரியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்வதற்கு அவளிடம் ஒரு முகவரியும் இல்லை.